முஃப்லிஹ் அத்தான் வீட்டில் ஆறிய காப்பி

என் அக்காள் கணவர் முஃப்லிஹ் எந்த இருக்கையிலும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நுனியில் உட்காருவார், முழங்காலை ஆட்டுவார், ஐந்து நிமிடத்தில் எழுந்து சன்னலண்டை போய் நிற்பார். முப்பத்தொரு வருடம் எங்கள் ஊரான கரக்கிலிருந்து தலைநகர் அம்மானுக்குப் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுநாளே வீட்டைச் சுற்றி மதில் கட்ட ஆரம்பித்தார். கட்டி முடித்ததும் கோணலாக இருக்கிறது என்று இடித்துவிட்டு இரண்டு முழம் தள்ளிக் கட்டினார். அக்காள் நஜ்லா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏன்டா சுஹைல், இந்த மனுசனுக்கு வேற பஸ் ஏதாச்சும் கெடைக்காதா? காசு கூட வேணாம், சும்மா ஓட்டட்டும்" என்று என்னிடம் கேட்பாள்.

நான் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். பஸ்ஸுக்கு எங்கே போவேன்?

அவரை நிற்க வைக்கிற ஒரே விஷயம் காப்பிதான். காப்பி விஷயத்தில் அவரிடம் சமரசம் கிடையாது. கொட்டை இளம் பழுப்பாக வறுபட வேண்டும், ஒரு சுற்றுக் கூடினாலும் கரி என்பார். வறுப்பதும் அவரே, இடிப்பதும் அவரே. ஏலக்காயைக் காப்பி பாதி கொதித்த பிறகுதான் போடுவார். சர்க்கரை என்ற சொல்லே அந்தப் பக்கம் வரக்கூடாது. பிடியில்லாத சின்னக் கோப்பையில் மூன்றில் ஒரு பங்குதான் ஊற்றுவார். நிறைய ஊற்றினால் குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அர்த்தம், அது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே, சூடு. ஊற்றிய கையோடு மூன்று மடக்கில் முடிக்க வேண்டும். பேச்சு சுவாரசியத்தில் யாராவது கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தால் அத்தானுக்கு உடம்பெல்லாம் அரிக்கும்.

"குடிய்யா, குடிய்யா. ஆறிப்போவுது. கதை அப்புறம் சொல்லலாம், கதை ஒண்ணும் ஆறாது."

சொல்லியும் குடிக்காவிட்டால் கோப்பையைக் கையிலிருந்து பிடுங்கி வாசலில் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுவார். வட்டாட்சியர் கையிலிருந்தே ஒருமுறை பிடுங்கியிருக்கிறார்.

நான் டீக்காரன். புதினா போட்டு, மூன்று கரண்டி சர்க்கரை போட்டு, கண்ணாடிக் கோப்பையில் உறிஞ்சி உறிஞ்சி அரைமணி நேரம் குடிக்க வேண்டும் எனக்கு. இதற்காக இருபத்தெட்டு வருடமாக அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

"என்ன மச்சான், வயித்து வலியா?"

"இல்லியே அத்தான்."

"அப்புறம் எதுக்கு டீ கேக்குற? டீங்கறது மருந்துய்யா. வயிறு சரியில்லன்னா மர்மிய்யா எல போட்டுக் குடிக்கறது. ஒடம்பு நல்லாருக்கறவன் குடிக்கற சாமானா அது?"

நான் சிரித்துக்கொண்டே குடித்துவிடுவேன். மச்சான் என்பதால் எனக்கு அவ்வளவு சலுகை. பெற்ற மகனுக்கு அந்தச் சலுகை இல்லை.

ஹைதம் அவர்களுக்கு ஒரே பிள்ளை. அம்மானில் செவிலியர் படிப்பு முடித்துவிட்டு இங்கே ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தான். விடுதி வாழ்க்கை அவனுக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்திருந்தது. பாலும் சர்க்கரையும் காப்பித்தூளும் ஒன்றாகக் கலந்து பொட்டலத்தில் வருகிறதே, அதை வெந்நீரில் கரைத்துக் குடிப்பான். அதுவும் போதாமல் மேலே இன்னும் சர்க்கரை போடுவான். வந்த முதல் வாரமே ஒரு பெட்டி பொட்டலம் வாங்கி அடுப்படியில் வைத்தான்.

அத்தான் அந்தக் கோப்பையை முகர்ந்து பார்த்தார்.

"என்னடா இது?"

"காப்பிப்பா."

"இதுவா காப்பி? கைக்கொழந்தைக்குக் கரைக்கற பால்மாவுடா இது. ஆஸ்பத்திரியில புள்ளைங்களுக்குக் குடுக்கறத மாத்தி எடுத்துட்டு வந்துட்டியா?"

ஹைதம் சிரித்தான். அவன் சண்டைக்கு வராத பிள்ளை, அம்மாவைப் போல. ஒருநாள் வீட்டில் விருந்தாளிகள் இருக்கும்போது அந்தக் கோப்பையோடு அவன் கூடத்தைக் கடந்து போனான். ஒரு கிழவர் அத்தானைப் பார்த்து, "அபூ ஹைதம், உன் வீட்டுலயே பால் காப்பியா?" என்று கேலி செய்துவிட்டார். அத்தானுக்கு மானம் போய்விட்டது. விருந்தாளிகள் போனதும் பெட்டியைத் தூக்கி மதிலுக்கு அப்பால் சாலையில் வீசினார்.

"என் கூரைக்குக் கீழ இந்தச் சாமான் வரக்கூடாது. குடிக்கணும்னா வெளிய போய்க் குடி."

அவர்கள் வீடு பெரிய சாலையை ஒட்டி இருக்கிறது. எதிர்ச்சாரியில் ஒரு காப்பித் தட்டிக்கடை உண்டு. தட்டை உயர்த்திச் சுழற்றி, போகிற வண்டிகளை நிறுத்தி, காகிதக் கோப்பையில் காப்பி விற்கிற கடை. மறுநாள் காலை ஆறரை மணிக்கு ஹைதம் வேலைக்குப் போகும் உடுப்போடு சாலையைக் கடந்து அங்கே போனான். பால் காப்பி வாங்கினான். அங்கிருந்தே கோப்பையை உயர்த்தி, மதிலோரம் நின்ற அப்பாவுக்குக் காட்டினான். அத்தான் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிக்கொண்டு சிரித்தார், நான் பார்த்தேன்.

அதன்பிறகு அது தினப்படி ஆட்டமாகிவிட்டது. ஒன்றரை வருடம். அவன் அங்கே கோப்பையைத் தூக்குவான், இவர் இங்கே தன் சின்னக் கோப்பையோடு முகத்தைத் திருப்புவார். கடைக்காரனுக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். சிரிக்காதவள் நஜ்லா ஒருத்திதான்.

"வீட்டுலயே குடிக்கட்டும், அபூ ஹைதம். ரோடுன்னா ரோடு. லாரி போற எடம்."

"சக்கரைத் தண்ணி குடிக்கறவன் நாலடி நடந்தாத்தான் செரிக்கும்" என்றார் அத்தான்.

அவள் இதை ஒரு தடவையோடு விடவில்லை. நான் இருக்கும்போதே நாலைந்து தடவை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அவர் செரிமானக் கதையையே சொன்னார். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது எனக்கு என்மீதே அருவருப்பாக இருக்கிறது.

குளிர் முடிகிற சமயம், காலையில் மேட்டுச் சாலை முழுக்க மூடுபனி. கீழே பள்ளத்தாக்கிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு ஒரு சின்ன வண்டி வேகமாக மேலே ஏறி வந்தது. ஓட்டியவன் ஷாஹிர் என்ற இருபது வயதுப் பையன். சந்தை முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம் அவனுக்கு. ஹைதம் காப்பி வாங்கிக்கொண்டு திரும்பி வீட்டுப் பக்கம் வந்துகொண்டிருந்தான். அத்தான் மதிலோரம்தான் நின்றார். பனியில் ஒன்றும் தெரியவில்லையாம், சத்தம் மட்டும் கேட்டதாம்.

துக்கம் கேட்க வந்தவர்களுக்கு மூன்று நாளும் காப்பி ஊற்றியவர் அவரேதான். வேறு யாரையும் கெண்டியைத் தொட விடவில்லை. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. ஊரார் "அபூ ஹைதம், அல்லாஹ் உனக்குப் பொறுமையத் தரட்டும்" என்றார்கள். ஹைதமின் அப்பா என்றுதான் அவரைக் கூப்பிட்டாக வேண்டும், வேறு பெயர் எங்களுக்கு வாயில் வரவில்லை. ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் காப்பி கோப்பைக்கு வெளியே சிந்தியது.

நஜ்லா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சண்டை கிடையாது, சாபம் கிடையாது. சோறு வைப்பாள், துணி துவைப்பாள். வாய் மட்டும் திறப்பதில்லை. என்னோடு பேசினாள், அக்கம்பக்கத்தோடு பேசினாள். அவர் வந்தால் பாதிச் சொல்லில் நிறுத்திவிடுவாள்.

அவர் நாற்பது நாளும் நடந்தார். விடிந்ததிலிருந்து மதிலோரமாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடை. நடுநடுவே காப்பி வறுப்பார், வறுப்பது தீய்ந்துபோகும், கொட்டிவிட்டு மறுபடி வறுப்பார். ஒரு நாளைக்கு முப்பது கோப்பை குடித்திருப்பார். இரவு தூங்குவதில்லை, பகலில் சாப்பிடுவதில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே அங்கே போய்விடுவேன். நான் போய் மட்டும் என்ன ஆகப்போகிறது, அவரோடு சேர்ந்து நடப்பேன். எனக்குக் கால் வலித்தது. அவருக்கு வலித்ததாகத் தெரியவில்லை.

ஒருநாள் நடந்துகொண்டிருந்தவர் திடீரென்று சாலையைக் கடந்தார். நான் பதறிப் பின்னால் ஓடினேன். தட்டிக்கடையில் போய் நின்று, "பால் காப்பி ஒண்ணு. அவன் குடிக்கறது" என்றார்.

கடைக்காரனுக்குக் கண் கலங்கிவிட்டது. காப்பியைப் போட்டான். கரண்டியை எடுத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், "சக்கர எத்தன?" என்று கேட்டான்.

அத்தான் விழித்தார். என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியாது.

"நீதான சொல்லணும்" என்றார் கடைக்காரனிடம்.

"அவருக்கு நான் ரெண்டு போடுவேன். பொட்டலத்துல இருக்கறது போதாதும்பாரு."

"ரெண்டு" என்றார் அத்தான். கோப்பையை வாங்கி வாயருகே கொண்டுபோனார். குடிக்க முடியவில்லை. கையில் ஏந்தியபடியே சாலையைக் கடந்து வந்து மதில்மேல் வைத்துவிட்டார். மறுநாள் போனபோதும் கோப்பை அங்கேயே இருந்தது, எறும்பு மொய்த்துக்கொண்டு.

"மச்சான், இருவத்தாறு வருசம் வளத்திருக்கேன். எத்தன கரண்டின்னு எனக்குத் தெரியல பாத்தியா?"

நான் அவர் கூடவே நடந்தேன்.

நாற்பதாம் நாள் பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு, வண்டி ஓட்டிய பையன் ஷாஹிரின் வீட்டார் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டு வருவதாகச் செய்தி சொல்லி அனுப்பினார்கள். இந்த மாதிரிக் கேட்டு வருகிற கூட்டத்தை நாங்கள் ஜாஹா என்போம். பையன் நாற்பது நாளாகக் காவலில் இருக்கிறான். செத்தவனின் தகப்பன் மன்னித்தேன் என்று நாலு பேர் முன்னால் ஒரு சொல் சொல்லிவிட்டால், கோர்ட்டில் காரியம் சுளுவாகிப் பையன் வீட்டுக்கு வந்துவிடுவான். சொல்லாவிட்டால் வருடக்கணக்கில் உள்ளே கிடக்க வேண்டும். இரண்டு ஊருக்கும் நடுவே பகை வேறு மூளும்.

"என்ன பண்ணப் போறீங்க அத்தான்?" என்று கேட்டேன்.

"தெரியல."

"காசு ஏதாச்சும் கேப்பீங்களா?"

"எம் புள்ளைய விக்கச் சொல்றியா?" என்று சீறினார். அப்புறம் தணிந்து, "அந்தப் பயல மன்னிச்சா நான் யார் மேல கோவப்படறது மச்சான்? சொல்லு. அவன் மேலயாச்சும் கோவமிருந்தா தூங்கலாம்னு பாக்கறேன்" என்றார்.

அவர் தூங்கவேயில்லை என்பதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கூட்டம் வந்தது. ஐம்பது பேருக்குக் குறையாது. தலைமை ஷேக் நாயிஃப், எண்பதை நெருங்கும் மனிதர், அவர் போன இடத்தில் வெறுங்கையோடு திரும்பியதில்லை என்று பேர். அவருக்குப் பக்கத்தில் பையனின் அப்பா ஃபர்ஹான், வெயிலில் கருத்த தக்காளி விவசாயி. தலையை மார்புக்குள் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முற்றத்தில் விரித்த மெத்தைகளில் அவர்கள் ஒரு பக்கம், எங்கள் ஆட்கள் ஒரு பக்கம். அடுப்படிக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. நஜ்லா அங்கே நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

நான் காப்பி ஊற்றினேன். முதல் கோப்பை ஷேக் நாயிஃபுக்கு. அவர் வாங்கி, முறைப்படி, குடிக்காமல் தனக்கு முன்னால் தரையில் வைத்தார். கேட்டு வந்தது கிடைக்கும் வரை குடிக்க மாட்டார். அவர் வைத்ததைப் பார்த்து ஃபர்ஹான் வைத்தார், அடுத்தவர் வைத்தார், வரிசையாக எல்லோரும் வைத்தார்கள். இனி வீட்டுக்காரர் "குடிங்கள், வந்த காரியம் ஆச்சு" என்று சொல்ல வேண்டும். அதுதான் மன்னிப்பு. அந்தக் கோப்பை குடிக்கப்படாமல் கொட்டப்பட்டால் கதவு சாத்தியாயிற்று, எழுந்து போ என்று பொருள்.

ஷேக் நாயிஃப் பேசினார். "அபூ ஹைதம், உன் துக்கத்துக்கு முன்னாடி எங்க தலைப்பாகைக்கு மதிப்பில்ல. தப்பு எங்க பையன் மேலதான். பனியில வேகமா வந்துட்டான். மறைக்க ஒண்ணுமில்ல. நீ வெட்டினாலும் சரி, விட்டாலும் சரி. உன் வாசலுக்கு வந்துட்டோம்."

அத்தான் உட்காரவில்லை. இரண்டு வரிசைக்கும் நடுவே நடந்தார். வாசல் வரை போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். நடக்கும்போது கண் கோப்பைகள் மேலேயே இருந்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது, பிறகு மெலிந்தது, பிறகு நின்றுவிட்டது. ஐம்பது கோப்பை தன் முற்றத்தில் ஆறுவதை அந்த மனிதர் பார்த்துக்கொண்டு நடந்தார். விரல்களை மடக்கி மடக்கி நீட்டினார். எனக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. சீக்கிரம் ஏதாவது சொல்லித் தொலையுங்கள் என்று கத்தலாம் போலிருந்தது.

கால்மணி போயிருக்கும். அத்தான் ஃபர்ஹானுக்கு முன்னால் வந்து சட்டென்று நின்றார்.

"உம் பையன் காப்பி எப்படிக் குடிப்பான்?"

ஃபர்ஹான் நிமிர்ந்தார். சரியாகத்தான் கேட்டோமா என்று ஷேக்கைப் பார்த்தார். ஷேக் பேசு என்று கண்ணைக் காட்டினார்.

"அவன் காப்பி குடிக்க மாட்டாங்க. டீதான். சக்கர அரைக் கோப்பை போட்டுக்குவான். அவங்கம்மா திட்டுவா."

"நீ?"

"நானா?"

"நீ திட்ட மாட்டியா?"

"நான் எதுக்குங்க திட்டணும்? குடிக்கற வாய் அவனோடதுதான" என்றார் ஃபர்ஹான். பிறகு, ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று பயந்தவர் போல, "சின்னப் பையன்தானுங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

"உள்ள என்ன குடுக்கறாங்க அவனுக்கு?"

"தெரியலீங்க. போன வாரம் போய்ப் பாத்தேன். அழுதுக்கிட்டே இருந்தான். கேக்கத் தோணல."

அத்தான் விறுவிறுவென்று ஷேக் நாயிஃபிடம் போய், அவர் முன்னாலிருந்த கோப்பையை எடுத்து, வாசல் பக்கம் விசிறிக் கொட்டினார். காப்பி மண்ணில் விழுந்து கருத்தது.

முற்றமே எழுந்து நின்றது. எங்கள் ஆட்களில் ஒருவன் "யா அல்லாஹ்" என்று வாய்விட்டே சொன்னான். ஃபர்ஹான் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். ஷேக் நாயிஃப் முகத்தில் ரத்தமே இல்லை. மெல்லக் குனிந்து கைத்தடியைத் தேடினார். அத்தான் அதற்குள் ஃபர்ஹானின் கோப்பையையும் கொட்டிவிட்டு மூன்றாவதைக் கையில் எடுத்துவிட்டார். எல்லாம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

அத்தான் நிமிர்ந்து பார்த்தார். ஐம்பது பேரும் நின்றுகொண்டிருப்பது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

"எங்க கெளம்பிட்டீங்க?"

ஷேக் நாயிஃப் கைத்தடியை ஊன்றி வாசல் பக்கம் திரும்பினார்.

"உக்காருங்கய்யா! ஆறிப்போச்சு. ஆறுன காப்பிய என் வீட்டுல எவன் குடிக்கறது? மச்சான், மரம் மாதிரி நின்னா? புதுசா கொதிக்க வச்சு ஊத்து!" குரல் உடைந்தது. "குடிங்க. சூடா குடிச்சிட்டுப் போங்க. வந்த காரியம் ஆச்சு. பையன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் அவன் கேக்கற டீயப் போட்டுக் குடுங்க."

ஷேக் நாயிஃப் பொத்தென்று மெத்தையில் உட்கார்ந்தார். "அபூ ஹைதம், எம்பது வயசுல என்னைக் கொன்னுட்டியேய்யா" என்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. ஃபர்ஹான் வந்து அத்தானின் தோளில் முத்தமிட்டார். அத்தான் கட்டை மாதிரி நின்றார். நான் புதிதாக ஊற்றிக்கொண்டே போனேன், எல்லோரும் சூடாகக் குடித்தார்கள். நாக்குச் சுட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை. அத்தானிடம் நீட்டியபோது வேண்டாம் என்று தலையசைத்துவிட்டார்.

கூட்டம் போய்விட்டது. எங்கள் ஆட்களும் அவர் கையைப் பற்றிக் குலுக்கி, பெரிய மனசு என்று புகழ்ந்துவிட்டுப் போனார்கள். அந்தப் புகழ்ச்சியை அவர் அடிவாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டார். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. நஜ்லா தட்டோடு வந்து கோப்பைகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். இவரைப் பார்க்கவில்லை.

அத்தான் மறுபடி நடக்கப் போகிறார் என்று நினைத்தேன். நடக்கவில்லை. ஷேக் நாயிஃப் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனார். மண்டியிட்டு, பிறகு நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"நஜ்லா, எனக்கொரு கோப்பை ஊத்து."

அவள் கை நின்றது. பிறகு, வாசலில் வந்து கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத வீட்டுப் பெண் இல்லையா, கெண்டியை எடுத்து ஊற்றி நீட்டினாள். அவர் வாங்கினார். வாங்கித் தனக்கு முன்னால் தரையில் வைத்தார். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

எங்கள் ஊரில் பெண்டாட்டி முன்னால் யாரும் அப்படிக் கோப்பையை வைத்து நான் கேள்விப்பட்டதில்லை.

நஜ்லா அந்தக் கோப்பையையே பார்த்தாள். நாற்பது நாளைக்குப் பிறகு அவரிடம் வாய் திறந்தாள்.

"என்ன வேஷம் இது?"

"வேஷமில்ல. அவங்க ஐம்பது பேரோட வந்தாங்க, ஷேக்கோட வந்தாங்க. எனக்குக் கூட்டிட்டு வர ஆளில்ல, நஜ்லா. உன் தம்பி ஒருத்தன்தான்." என் பக்கம் திரும்பினார். "மச்சான், எனக்காகப் பேசு."

பிறந்ததிலிருந்து அவளுடைய ஆளாக இருந்தவனை இந்தப் பக்கம் உட்காரச் சொல்கிறார். ஆனால் கேட்டுவிட்டார், மறுக்க முடியாது. போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா, தப்பு எங்க மேலதான்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. ஷேக் நாயிஃபுக்கு வந்த பேச்சு எனக்கு வருமா? "செரிமானம்னு சொன்னப்ப நானும் சிரிச்சேன்" என்றேன்.

"ஆமா, சிரிச்ச" என்றாள்.

அவர் பக்கம் திரும்பினாள். "ரோட்டத் தாண்ட விடாதீங்கன்னு எத்தன தடவ சொன்னேன்?"

"எண்ணல."

"நான் எண்ணியிருக்கேன். தெனம் ராத்திரி எண்ணிட்டிருக்கேன். அந்தப் பையன மன்னிச்சிட்டீங்க, அவனுக்கு உங்க புள்ள யாருன்னே தெரியாது. உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அனுப்பினீங்க, தெனமும், வேடிக்கைக்கு."

அவர் மறுக்கவில்லை. "ஆமா" என்றார். கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடியில் இறங்கியது, துடைக்கவில்லை. கை மெல்ல நகர்ந்து கோப்பை அருகே போனது. எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது, பழகிய கை.

"தொடாதீங்க" என்றாள் நஜ்லா. "நான் சொல்ற வரைக்கும் குடிக்கக் கூடாது. எந்திரிக்கவும் கூடாது. உக்காந்திருங்க."

தட்டைக் கீழே வைத்துவிட்டு எதிரே மெத்தையில் உட்கார்ந்தாள். இது அவர்கள் இரண்டு பேர் விஷயம் என்று நான் நைசாக எழுந்தேன்.

"நீ எங்கடா போற? நீ அவரோட ஆளு. உக்காரு."

உட்கார்ந்தேன். சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. கோப்பையிலிருந்து ஆவி வருவது கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. அத்தானின் முழங்கால் ஆடியது, அதை அவர் இரண்டு கையாலும் பிடித்து அழுத்திக்கொண்டார். சூரியன் மறைந்து மக்ரிப் பாங்கு சொன்னார்கள். அவள் இன்னும் சொல்லவில்லை, அவர் இன்னும் எழவில்லை.